அறுநூற்றுப் பன்னிரண்டு

மனுவில் தூரத்தை எழுதணுமாம்.
டேப் யாரிடமும் இல்லை.
ஆத்தூர் கடைசி பஸ் நிற்கிற புளியமரத்திலிருந்து
காலனி முதல் வீடு வரை
நடந்தே எண்ணினோம்.
குணாளனுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு காலடி,
விமலாவுக்கு அறுநூற்று எழுபது.
ஆறாம் வகுப்பு மதியரசு ஆயிரத்தைத் தாண்டி
செருப்பு அறுந்துபோச்சு என்றான்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் கூட்டம்,
மரவள்ளிக் காட்டு நடுவில்
மூக்குடைந்து அமர்ந்திருப்பவர் முன்னால்.
அவர் நெற்றியில் யாரோ பூசிப் போகும் விபூதியை
நாங்கள் துடைப்பதில்லை.
அவரும் துடைத்துக்கொண்டதில்லை.
முதல் கூட்டத்துக்கு ஒன்பது பேர்.
மினிட்ஸ் நோட்டில் இருக்கிறது, நான்தான் எழுதினேன்.
நாலு பேர் சுண்டலுக்கு வந்ததை எழுதவில்லை.

ஐந்து நிமிடம் மூச்சைப் பார்க்கலாம் என்றாள் விமலா.
உள்ளே வந்தது சேகோ ஆலையின் புளித்த நாற்றம்.
அதையும் பார்த்தோம்.
பிறகு ஆலைக் கழிவுநீர் பற்றி
ஒரு பக்கம் நிறைந்தது.

நடையையும் பார்க்கலாம்,
குதிகால் எழுவதை, பாதம் பதிவதை.
நர்சிங் படிக்கிற ஜெயசுதா சொன்னாள்:
"ராத்திரி பஸ்ஸ விட்டு இறங்குனா
காலடியத்தான் பாத்துட்டு வர்றேன்.
என்னோடத இல்ல,
பின்னால வர்றத."

கொஞ்ச நேரம் மரவள்ளி இலை மட்டும் அசைந்தது.
அதை நோட்டில் எப்படி எழுதுவது?
தீர்மானம் நான்கு: விளக்கு.
அதுவரை தினமும் ஒன்பது இருபதுக்கு
புளியமரத்தடியில் ஆறு பேர்.

பரீட்சைக்கு முந்தின நாளும் போனோம்.
குணாளன் அப்பா காரியத்தன்று
நாலு பேர்தான், அதில் குணாளனும்.

பதினோரு மாதம்.
எட்டுக் கம்பம் கேட்டோம், மூன்று நட்டார்கள்.
நாலாவதுக்குத் தோண்டிய குழி
ஊர்த்தெரு முடிகிற இடத்தில், சரியாக அங்கேயே,
வாய் திறந்தபடி நிற்கிறது.
மழை நிரம்பித் தவளை குடியேறியது.
குணாளன் ஒரு கல்லை எடுத்தான்,
மூன்றாவது பல்பை வெகுநேரம் பார்த்தான்,
குழிக்குள் போட்டான்.
தவளைகள் நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பித்தன.

இன்றும் ஒன்பது இருபது.
ஜெயசுதா இறங்குகிறாள்,
அவள் பின்னால் ஷிப்ட் முடிந்து
தலையெல்லாம் மாவோடு ரத்தினவேல்.
என் பையில் புது மனு,
இந்த முறை டேப் பிடித்து அளந்தது.
மூன்று கம்பம் வரை
ஹால் டிக்கெட், கபடி, யாரோ வாங்கிய செகண்ட் ஹேண்ட் வண்டி.
குழியைச் சுற்றிக்கொண்டு இருட்டில் இறங்கியதும்
பேச்சு தானாக நிற்கிறது.

இருநூற்று நாற்பத்தொன்று என்கிறான் ரத்தினவேல்.
இருநூற்று நாற்பத்திரண்டு, ஜெயசுதா.