இன்னும் தூரத்தில் இருக்கிறேன்

ரவுண்டானாவைப் பார்த்த மாடி.
கீழே டயர் கடை, நடுவில் சீட்டுக் கம்பெனி,
மேலே நாங்கள்:
ஒரு ஏசி, இரண்டு யுபிஎஸ், ஒரு ரவுட்டர்.
கிருஷ்ணகிரியில் நாலாயிரத்துச் சொச்சம் வீடுகள்
இந்த அறை வழியாகத்தான் வெளியே போகின்றன.

பெங்களூரிலிருந்து ஒரு லைன், ஓசூர் சூளகிரி வழியாக.
சென்னையிலிருந்து ஒன்று, வாணியம்பாடி பர்கூர் வழியாக.
ஒண்ணு போனா ஒண்ணு என்பார் முதலாளி முனிரத்தினம்.
இரண்டு பில்லும் ஒரே நாளில் வரும்போது மட்டும்
ஒண்ணும் சொல்லமாட்டார்.

இரண்டு பேரும் தனித்தனியே
உலகத்தின் வழிகளையெல்லாம் ஒப்பிப்பார்கள்,
பத்து லட்சம் வரிகள்.
எங்கள் ரவுட்டர் பழசு, இரண்டாம் கையில் வாங்கியது.
போன ஆவணியில் அத்தனையும் கேட்டுக்கொண்டு
பாதியில் மயங்கி விழுந்தது.
அதற்குப் பிறகு அளவுச் சாப்பாடு.
அக்கம்பக்கத்தைப் பேர்பேராகத் தெரியும்.
மீதிக்கெல்லாம் ஒரே வரி:
தெரியாததா, பெங்களூரைக் கேள்.
டோக்கியோ, பெங்களூரைக் கேள்.
தம்பி வேலைபார்க்கும் மஸ்கட், பெங்களூரைக் கேள்.

மாங்காய் சீசன், செவ்வாய் இரவு பதினொன்றரை.
போன்மேல் போன்.
"நெட் இருக்குது மேடம், ஆனா இல்ல."
இதைவிடச் சரியாக
நானும் சொல்லியிருக்க முடியாது.
பெங்களூர் போர்ட்டில் பச்சை விளக்கு
சிமிட்டிக்கொண்டே இருக்கிறது.
நூறு அனுப்பினால் அறுபது திரும்புகிறது.
நாற்பது எங்கே என்று
பச்சை விளக்குக்குத் தெரியாது.

சூளகிரியில் குழிக்குள் இருந்து பேசினான் மாதப்பன்,
வாயில் டார்ச்சோடு.
"ஜேசிபி தோண்டிட்டான் மேடம்.
இப்ப வேற பக்கமா சுத்தி வருது,
அங்க ஏற்கெனவே நெரிசல்.
விடிஞ்சிரும்."

அந்த ஒற்றை வரியைத் திருப்பினேன்:
தெரியாததா, சென்னையைக் கேள்.
போகிறதெல்லாம் பர்கூர் பக்கம் திரும்பிவிட்டது.
கூழ் ஃபேக்டரிக்காரர் மறுபடி கூப்பிட்டார்,
துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டிய காகிதம்
இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம்.

போகிற வழிதானே என் கையில்.
வருகிற வழியை
எங்கேயோ யாரோ முடிவுசெய்கிறார்கள்.
அவர்கள் கணக்கில்
பெங்களூர் வழியே வந்தால் நான் பக்கம்.
அந்த லைனை ஒரேயடியாக வெட்டிவிடலாம்.
ஆனால் சென்னைக்காரனை நம்பி
ராத்திரி தூங்கியவள் இல்லை நான்.

அதனால் பொய் சொல்லலாம் என்று முடிவெடுத்தேன்.
பெங்களூர் பக்கம் அறிவிக்கும்போது
எங்கள் எண்ணை ஒருமுறைக்குப் பதில்
நான்குமுறை சொல்லவைத்தேன்.
கேட்கிறவனுக்கு
இடையில் நான்கு ஊர் இருப்பதுபோலத் தோன்றும்.
நான்கும் நாங்களே.
ஒரே மாடி, ஒரே ஏசி.

கீழே, டயர் கடை வாசலில்
ஜாக்கிமேல் நிற்கிறது ஓசூர் போகிற லாரி.
பெங்களூரா மாங்காய் வாசனை மாடிவரை.
டிரைவர் போனில் கத்துகிறான்:
"சூளகிரி தாண்டிட்டேன் சார், தோ வந்துட்டேன்!"
கழற்றிய சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறான்.

நேரில் பார்த்தால் ஒருவருக்கொருவர்
சிரித்திருப்போமோ என்னவோ.

உலகம் நம்புவதற்குச் சில நிமிடம் பிடித்தது.
சிலர் உடனே.
சிலர் யோசித்து.
ஒருவர் மட்டும், ஹைதராபாத்தில் யாரோ,
கடைசிவரை நம்பவே இல்லை,
பழைய வழியிலேயே வந்துகொண்டிருந்தார்.
அவர் ரவுட்டரில் அவர் வைத்த சட்டம்.
அதில் எனக்குப் பேச்சில்லை.

பன்னிரண்டேமுக்காலுக்கு
ஒரு கோடு இறங்க, இன்னொரு கோடு ஏறியது.
காகிதம் போய்விட்டது என்று
ஃபேக்டரியிலிருந்து ஒரு கைகூப்பு எமோஜி.
கீழே லாரி நிஜமாகவே கிளம்பியது.

மறந்துவிடுவேன் என்று
சீட்டெழுதி மானிட்டரில் ஒட்டிவைத்தேன்,
காலை டியூட்டிக்கு வரும் தில்ஷாத்துக்கு:

சூளகிரி சரியானதும்
மூன்று எண்ணை எடுத்துவிடு.
பக்கத்தில்தான் இருக்கிறோம்
என்று சொல்லு.