போடாத மிளகு

புயல் கூரையைக் கழற்றி
சிக்கரி வயலில் வைத்துவிட்டுப் போன நான்காம் நாள்
துர்னே நகருக்கு வடக்கே, அந்தப் பண்ணைக்கு,
காப்பீட்டு நிறுவனத்தின் பதினேழாம் எண் படிவத்தோடு போனேன்.

கொட்டகைக்குள் ஓடு எது, பாட்டில் எது
என்று பிரிக்கமுடியாதபடி கிடந்தது.
ஆயிரத்து நூற்று நாற்பது என்றாள் ஃபிலிப்பின்.
வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு,
இடது கையில் துடைப்பம்.
தரையெங்கும் கறுப்பு காய்ந்து ஒட்டியிருந்தது.
நாய் முதல் நாளே நக்கிப் பார்த்துவிட்டு
இரண்டு நாள் தூங்கியதாம்.

படிவத்தில் எழுதினேன்.
பொருள்: பண்ணை பியர், சேசோன் வகை.
நிறம்: கருமை.
அடுத்த கட்டத்தில் "தரம்" என்றிருந்தது.
பேனா நின்றது.

உழவு இயந்திரத்தின் இருக்கைக்கு அடியிலிருந்து
ஸெனோப் ஒன்றை எடுத்துவந்தான்.
"இது தப்பிப் பிழைத்ததில்லை.
நான் ஒளித்துவைத்தது,"
மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

வேலை நேரத்தில் குடிப்பதில்லை என்றேன்.
குடிக்கவேண்டாம், மதிப்பிடுங்கள்
என்றாள் அவள்.

கம்பியைத் தளர்த்தியதும் தக்கை
கூரை இருந்த இடத்தின் வழியாக
வானத்துக்குப் போயிற்று.
ஈர மணல் நிறத்தில் நுரை
கோப்பை விளிம்புக்கு மேலே எழும்பி
எட்டிப் பார்த்துவிட்டு
மனமில்லாமல் இறங்கியது.
வெளிச்சத்துக்கு நேரே தூக்கினால் கறுப்பும் இல்லை,
பழைய பியானோவின் மரத்தில் இருக்குமே
அந்தச் சிவப்பு.

முதலில் மூக்குக்கு:
நனைந்த வைக்கோல்,
குதிரை சற்று முன் வெளியேறிய லாயம்.
பிறகு நாக்குக்கு:
ரொட்டியின் கருகின ஓரம், உலர்ந்த பிளம்,
ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினால் தெறிக்கும் கசப்பு,
கடைவாயில் பிளந்த கொத்தமல்லி விதை.
இனிப்பு வரப்போகிறது என்று
வாய் இடம் ஒதுக்கிக் காத்திருந்தது.
வரவில்லை.
வறண்டு, துவர்த்து, சட்டென்று முடிந்துவிட்டது.

முடிந்துவிட்டது என்று நினைத்தபோதுதான்,
விருந்தாளிகள் எல்லோரும் போனபின்
குடையை மறந்துவிட்டேன் என்று
ஒருவர் மட்டும் திரும்பி வருவதுபோல
தொண்டையில் வந்து நின்றது
மிளகு.

சேர்மானப் பட்டியலில் எழுதினேன்: மிளகு.
எத்தனை கிலோ என்று கேட்டேன்.
ஃபிலிப்பின் சிரித்து, கை வலித்து, மறுபடி சிரித்தாள்.
"நான் மிளகு போடவே இல்லையே.
கொத்தமல்லி போட்டேன், ஆரஞ்சுத் தோல் போட்டேன்.
மிளகு ஈஸ்ட் செய்கிற வேலை.
கொஞ்சம் சூடாக வைத்துத் தொந்தரவு செய்யாமல் விட்டால்
அதுவாகச் செய்யும்.
சில வருஷம் செய்யாது."

இன்னொரு மிடறு சரிபார்த்தேன்.
பிறகு இன்னொன்று.
இருந்தது.
யாரும் வாங்காத, யாரும் அரைக்காத, யாரும் போடாத ஒன்று
ஆயிரத்து நூற்று நாற்பது முறை
இந்தத் தரையில் கொட்டிப்போயிருந்தது.

கார் ஓட்டக்கூடாது என்பதால்
மாலைவரை அங்கேயே இருந்தேன்.
உடையாத ஓடுகளைப் பொறுக்கி
ஸெனோப்பிடம் கொடுத்தேன்.
அவன் அடுக்கினான்.
அதிகம் பேசவில்லை, ஒருமுறை மட்டும்:
"நீங்கள் பிளெமிஷ்காரர்,
இருந்தாலும் ஓட்டைச் சரியாகப் பிடிக்கிறீர்கள்."
தூரத்தில் காற்றாலைகள்
ஒன்றும் தெரியாதவைபோல மெதுவாகச் சுற்றின.

மால்ட், முந்நூறு கிலோ, ரசீது இணைப்பு.
பாட்டில், தக்கை, கம்பி, ரசீது இணைப்பு.
மிளகு என்பதை அடிக்கப் போனேன்,
அடிக்கவில்லை.
எதிரே பூஜ்யம் கிலோ என்று எழுதி
தொகைக் கட்டத்தை வெறுமனே விட்டேன்.

இன்று காலை கோர்ட்ரெய்க் அலுவலகத்திலிருந்து
மேலாளர் காசெல் திருப்பி அனுப்பியிருக்கிறார்.
ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி:
பூஜ்யம் கிலோ என்றால்
பட்டியலில் ஏன் இருக்கிறது?

சாயங்காலத்துக்குள் பதில் எழுதவேண்டும்.
எச்சிலை விழுங்கிப் பார்க்கிறேன்.
பதினோரு நாளாகிறது.