செல்லும், செல்லாது

காலை எட்டு மணிக்கு ஹெட்போனை மாட்டுகிறேன்.
ஒலிம்பியாவில் மழை.
இங்கே அது ஒரு செய்தி அல்ல.
இந்தப் பக்கத்தில் கேள்விகள் பெரும்பாலும்
கூரை போடுகிறவர்களைப் பற்றியே வரும்.

உரிம எண்ணைச் சொல்லுங்கள் என்பேன்.
விசிட்டிங் கார்டைக் கண்ணருகே பிடித்து
எழுத்தெழுத்தாக வாசிப்பார்கள்,
இது சுழியமா, ‘ஓ’வா என்று தடுமாறுவார்கள்.

எனக்கு மூன்று சொற்கள் கொடுத்திருக்கிறார்கள்.
செல்லும்.
காலாவதி.
இடைநிறுத்தம்.

யாக்கிமாவிலிருந்து ஒரு பெண் கேட்டாள்:
“செல்லும் என்றால், நல்ல ஆளா?”
செல்லும் என்றால், அம்மா,
கட்டணம் கட்டியிருக்கிறார்,
பிணைத்தொகை வைத்திருக்கிறார்,
காப்பீடு ஜூன் பதினான்கு வரை இருக்கிறது.
“ஏணியில் ஏறும்போது குடித்திருப்பாரா?”
அதற்கு எங்கள் திரையில் கட்டம் இல்லை.

அபர்டீனிலிருந்து ஒருவர்.
மரம் அறுக்கும் ஆலையில் இருந்தவராம்,
குரலில் இன்னும் தூள் ஒட்டியிருந்தது.
எண்ணைச் சொன்னார். தேடினேன். இல்லை.
திரும்பச் சொல்லச் சொன்னேன். இல்லை.
எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நான் கேட்கக் கூடாது.
அவரே சொன்னார்:
நாலாயிரத்து இருநூறு டாலர், ரொக்கம்.
“கை குலுக்கினான். என் நாயின் பெயரைக் கேட்டான்.”
பிறகு அவர் பேசவில்லை.
சொட்டு விழும் சத்தம் மட்டும் வந்தது.
வாளி பாதி நிறைந்துவிட்டது,
இத்தனை வருடத்தில் காது பழகிவிட்டது எனக்கு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அவர் கூரையில் போட்டார்.
மழை அளந்துகொண்டிருந்தது.

பெக்ஸ்ட்ராண்ட் என்று ஒரு மேஸ்திரி
ஸ்போக்கேனிலிருந்து மாதம் ஒருமுறை அழைப்பார்,
தன் எண்ணையே கேட்பதற்கு.
காப்பீட்டு நிறுவனத்தில் யாரோ தவறாகத் தட்டியதில்
ஒருமுறை ஆறு நாள் அவர் இடைநிறுத்தத்தில் இருந்தார்.
அந்த ஆறு நாளில் ஒரு பள்ளிக்கூட வேலை கைநழுவியது.
“சரியாகத்தான் செய்தார்கள், பார்த்தார்கள்.
நான்தான் அங்கே இல்லை.”
செல்லும், திரு பெக்ஸ்ட்ராண்ட், என்பேன்.
வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்.

இப்போது என் கதை.
போன அக்டோபரில் எங்கள் வெந்நீர்க் கொதிகலன் படுத்துவிட்டது.
வெண்டல் வந்தார்.
தேவாலயப் பாடகர் குழுவில்
எனக்குப் பின்வரிசை, அடிக்குரல்.
பதினோரு வருடமாக என் பிடரியில் படும் குரலிடம்
எண்ணைக் கேட்பதா?
ஆப்பிள் பை செய்து கொடுத்தேன்.

மூன்றாம் இரவு, மணி இரண்டரை,
நச்சுப்புகை அலாரம் வீட்டைக் கிழித்தது.
காலுறையோடு ஈரப் புல்லில் நின்றோம்.
மகள் மரீன் தலைவலி என்று வாந்தி எடுத்தாள்.
தீயணைப்புக்காரர் ஒருவர்
கழன்று கிடந்த புகைக்குழாயை விளக்கடித்துக் காட்டி
சாதாரணமாகத்தான் கேட்டார்:
“யார் பொருத்தியது? உரிமம் இருக்கிறவரா?”
ஒரு நாளைக்கு எண்பது பேருக்குப் பதில் சொல்கிறவள் நான்.
மூன்று சொல்லில் ஒன்றுகூட வரவில்லை.

திங்கட்கிழமை அவர் பெயரை நானே தட்டினேன்.
காலாவதி. ஒன்பது வருடம்.

ஞாயிறுகளில் இன்னும் என் பின்னால்தான் பாடுகிறார்.
சுருதி ஒருநாளும் விலகியதில்லை.
அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று மதியம் ஒரு இளைஞன், கிசுகிசுப்பாக,
குளியலறைக்குள்ளிருந்து பேசுகிறான் போல:
“பிளம்பர் வாசலில் நிற்கிறார்.
வயதானவர், நனைகிறார்.
இப்போது போய்ச் சரிபார்த்தால் அவமானப்படுத்துவதாகாதா?”

நாலாவது சொல் எனக்கு அனுமதி இல்லை.
இந்த அழைப்பைப் பதிவு செய்கிறார்கள்.

உள்ளே கூப்பிட்டுத் துண்டு கொடுங்கள், என்றேன்.
காபி கொடுங்கள்.
எண்ணை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.

சொன்னான்.

கடைசியில் இருப்பது சுழியமா, ‘ஓ’வா?
அவசரமில்லை.
வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.