தேதிக் கட்டம்

அர்மான் கடையில் அது எனக்குப் பதினோராம் இலையுதிர்காலம்.
லூயிஸ்டனில், லிஸ்பன் தெருவில்,
மேப்பிள் சருகுகள் நடைபாதையில் புரண்டு
கதவு திறக்கும்போதெல்லாம்
வாடிக்கையாளருக்கு முன்னால் உள்ளே வரும்.
அக்டோபர் என்றால் எங்களுக்கு இரண்டு தட்டு:
ஒன்றில் ஓப்பல், ஒன்றில் டூர்மலின்.
ஒரே மாதத்துக்கு இரு கல் வைத்த புண்ணியவான் யாரோ,
அவனால் ஆளுக்கு அரைமணி கூடுதலாய் நிற்கிறார்கள்.
மரம் அறுக்கும் ஒருவர், பெரிய கை, சிறிய பர்ஸ்,
மனைவிக்கு ரகசியமாய் வாங்க வந்து
எது பிடிக்குமென்று மனைவிக்கே போன் போட்டார்.

தஹபோ வந்தது மழை பிடித்த செவ்வாய்க்கிழமை.
கழுத்தில் மருத்துவமனை அட்டை,
இரவுப் பணி இன்னும் இறங்காத கண்.
“யாருக்கு?”
“எனக்கு.”
“பிறந்த தேதி?”
“ஜனவரி ஒன்று.”
என் கை கார்னெட் தட்டுக்குப் போனது.
“அது காகிதத்துக்குப் பிறந்தநாள்” என்றாள்.

முகாமில் ஓர் அதிகாரி, நீண்ட வரிசை, உச்சி வெயில்;
தேதி தெரியாத அத்தனை பேரையும்
ஒரே நாளில் பெற்றுப் போட்டுவிட்டான்.
இந்த ஊரில் மட்டும், அவள் எண்ணிய வரையில்,
நாற்பது பேருக்கு ஒரு கேக் போதும்.
ஆனால் பைதோவாவில், அவள் அம்மாவின் கணக்கில்,
தய்ர் மழையின் முதல் சொட்டு கூரையில் விழ
தரையில் விழுந்த பிள்ளை அவள்.
“அந்த மழை அக்டோபரில் வரும். அதனால் நான் அக்டோபர்.”
வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

ஓப்பலை எடுத்து வைத்தேன். எத்தியோப்பியக் கல்.
சாய்த்தால் பச்சை; இன்னும் கொஞ்சம் சாய்த்தால்
ஊதிய அடுப்பில் விழிக்கும் கங்கு.
“பக்கத்து வீட்டுக்காரி!
எனக்கு முன்னாலேயே வந்துவிட்டாளா இங்கே?”
விற்கிறவள் குறையையும் சொல்லித்தான் விற்க வேண்டும்.
சொன்னேன்: இதற்குள் தண்ணீர் உண்டு.
நனைத்தால் இன்னும் குடிக்கும்,
குடித்தால் நிறம் ஒளிந்து வெறும் கண்ணாடியாகும்,
காய்ந்தபின் சில நாளில் திரும்பும்.
கை கழுவும்போது கழற்றுங்கள். மழையில் போடாதீர்கள்.

“மழையில்?”
“போடாதீர்கள்.”

கல்லை அதன் குழியில் திருப்பி வைத்தாள்.
கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.

டூர்மலின் தட்டு. ஓரம் பச்சை, உள்ளே சிவப்பு,
நகத்தளவு தர்பூசணிக் கீற்று;
இங்கிருந்து ஒரு மணி நேர மலையில் தோண்டியது.
விளக்குச் சூட்டில் தூசியை இழுக்கிறது,
நாளுக்கு இருமுறை துடைக்கிறேன் என்று புலம்பினேன்.
“சூடு ஏறினால் புழுதி சேர்க்கிறதா?
அப்படியானால் எங்கள் ஊர்க்காரி இவள்தான்.”
தங்கத்தில் பதிக்கவா என்றேன்.
“தஹபோ என்றாலே தங்கம். வெள்ளி போதும்.”

மோதிரத்தோடு வெளியே போனவள்
குடையை விரிக்காமல் அந்தக் கையை மட்டும்
மழைக்கு நீட்டிக்கொண்டு நடந்தாள்,
பேருந்து நிறுத்தம் வரை.

எனக்கு ஒரு சிக்கல் மிஞ்சியது.
பிறந்தநாளில் அழைத்து
நகையை இலவசமாய் மெருகேற்றித் தருவது அர்மானின் சட்டம்.
கணினியின் தேதிக் கட்டம் எண்ணைத்தான் கேட்கும்,
எழுத்தைக் கொடுத்தால் சிவப்பாகக் கோபிக்கும்.
அதனால் ஒரு துண்டு அட்டையில், பென்சிலால்,
‘தஹபோ, முதல் மழை’
என்று எழுதிக் கல்லாவின் ஓரத்தில் ஒட்டினேன்.

இது மூன்றாவது அக்டோபர்.
கடை திறந்ததும், தட்டுகளின் விளக்கைப் போடுமுன்,
பைதோவாவின் வானிலை பார்க்கிறேன்.
நேற்று வெயில். இன்று வெயில்.
போன வருடம் நவம்பர் வரை இழுத்தது.
முழங்கால் வரை சேறோடு உள்ளே வந்த அர்மான்
போதாதா இந்த மழை என்கிறார்.
துடைக்கும் துணியை மடித்து வைத்துவிட்டு
இன்னொரு முறை பார்க்கிறேன்.