தொண்பது

அஞ்செட்டிக்கு மேலே, பேருந்து திரும்பும் ஊர்.
மூன்றாம் வகுப்பு. பதிவேட்டில் பத்தொன்பது பெயர்.
அதில் ஆறு பேரை டேப்பே குலுக்கி எடுத்தது.
மற்றவர்களை வெளியே போகச் சொன்னோம்.
போனார்கள், சன்னல் வரைக்கும்.

நான் ஆசிரியர் பயிற்சி, இரண்டாமாண்டு.
ஒரு பிள்ளைக்கு எட்டு நிமிடம்.
கேள்வியை இன்னொரு முறை சொல்லலாம், மூன்றாம் முறை கூடாது.
சிரிக்கலாம். தலையாட்டக் கூடாது.
இதை மட்டும் அரை மணி நேரம் சொல்லித் தந்தார்கள்.

முதலில் ருத்ரேஷ்.
ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால்?
இரண்டிலிருந்து ஏழு போகாது என்றான்.
போகாததை வற்புறுத்துவானேன் என்று
ஏழிலிருந்து இரண்டை எடுத்துவிட்டான்.
முப்பத்தைந்து.
சொல்லி முடித்து நீளமாக ஒரு கொட்டாவி.
ராத்திரி ராகிக் கொல்லையில் யானையாம்,
விடிய விடியத் தகரம் தட்டினானாம்.
திரையில் இரண்டே பொத்தான், பச்சையும் சிவப்பும்.
யானைக்கு என்று ஒன்றுமில்லை.

நான்காவதாக பிந்துஸ்ரீ.
வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ்,
இரண்டுக்கும் நடுவில் பத்து விரல்.
எண்களைப் பார்த்து வாசிக்க வேண்டும்.
அறுபத்து மூன்று, வாசித்தாள்.
எழுபது. எண்பத்தெட்டு.
அப்புறம் வந்தது 90.

ஒன்பதைத் தொட்டாள். சுழியைத் தொட்டாள்.
உதடு மட்டும் அசைந்தது:
அறுபது, எழுபது, எண்பது...
நிமிர்ந்து சொன்னாள்:
"தொண்பது."

எனக்கு இருபத்தொரு வயது.
பத்து நிற்க வேண்டிய இடத்தில்
நூறு எப்படி வந்து உட்கார்ந்தது என்று
ஒருநாளும் ஒருவரையும் கேட்டதில்லை.
இவள் அம்மாவின் தொம்பத்தில் பாதியும்
எங்கள் எண்பதில் மீதியும் எடுத்து
படிக்கட்டில் விட்டுப்போன கல்லை
ஒரு மூச்சில் வைத்துவிட்டாள்.

விடைக்குறிப்பில் வேறு சொல் இருந்தது.
சிவப்பை அழுத்தினேன்.

அதற்குப் பிறகு அவள்
என் முகத்தைப் பார்க்கவில்லை, எண்ணையும் பார்க்கவில்லை.
என் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் சிக்னல்.
ஏறி நின்று அனுப்பினேன்.
ஆறு பிள்ளைகளும் போய்ச் சேர்ந்தார்கள்
என்றது திரை.

பேருந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தது.
குலுக்கலில் வராத ஒருத்தன், முன்பல் இல்லாதவன்,
மூச்சிரைக்க ஓடி வந்தான்.
"என்னைக் கேக்கவே இல்ல மிஸ்.
ஒண்ணே ஒண்ணு கேளுங்க."

எண்பத்தொன்பதுக்கு அடுத்தது?

"தொண்ணூறு!"
அவன் முடிப்பதற்குள் பின்னால் வந்த கூட்டமும் கத்தியது.
சன்னலில் நின்றவர்கள் எல்லோரும்
அதற்குள் திருத்திக்கொண்டிருந்தார்கள்.
கூட்டத்தின் ஓரத்தில் பிந்துஸ்ரீ.
சத்தம் கேட்கவில்லை. உதடு தெரிந்தது.
அவளும் தொண்ணூறுதான்.

சரியான விடை.
எங்கும் பதிவாகாத பதிமூன்று குரல்.
தேர்வு முடிந்துவிட்டதால் தலையாட்டினேன்.
சிரிக்கத்தான் வரவில்லை.