உயரப் பணி

காக்கி புக்கிட் அலுவலகம், காலை ஏழு ஐம்பது.
'குளிர்சாதனம் – ஆ' குழுவில்
ஒரே ஒரு கட்டத்தில் டிக் போட்டேன்: உயரப் பணி.
பதினாறு பேருக்கும் அந்த நொடியே
பயம் போய்விட்டது.

பதினொன்றே காலுக்குப் பொன்னம்பலம் அழைத்தார்,
பொங்கோலில் ஏதோ ஒரு புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து.
"மொட்டைமாடி வேலை எம்பேருக்கு வந்திருக்கும்மா.
ஏணியில நாலாவது படிக்கு மேல
எனக்குத் தலை சுத்தும்.
கம்பெனியில ஏதும் மாத்திட்டாங்களா, என்னை?"

மன்னிப்புக் கேட்டுக்கொண்டே டிக்கை எடுத்தேன்.
பதினாறு பேரும் தரைக்கு வந்தார்கள்,
ஹைருல் உட்பட.

ஹைருல் அப்போது ஈசூனில்
பத்தொன்பதாம் மாடிச் சுவருக்கு வெளியே,
கயிற்றில்,
பல்லிடுக்கில் இரண்டு ஸ்குரூ.
திரையில் அவன் பெயர் சிவந்தது: தகுதி இல்லை.
வேலை தானாகக் கழன்று
'ஒதுக்கப்படாதவை' வரிசையில் போய் விழுந்தது.

விழுந்தது அது மட்டும்தான்.

இன்னொரு போனில் அவனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.
எடுக்காததே நல்லது,
இரண்டு கையும் வேலையாக இருக்கும்.

குழுவை மூடினேன்.
பெயர் பெயராகத் திறந்து
உயரத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினேன்,
முதலில் ஹைருலுக்கு.

பொன்னம்பலம் இன்னும் லைனில் இருந்தார்.
"அவசரமில்லம்மா," என்றார்,
"நான் கீழதான் இருக்கேன்."