ஆவி பிடித்தவள்

டிராய் நகரத்துச் சலவை ஆலையில்
ஆர்ஃபா டட்டில் பதினொரு வயதில் சேர்ந்தாள்.
ஆண்கள் வாரம் முழுக்க ஒரே சட்டையில் திரிந்து
காலரை மட்டும் தினம் மாற்றிய காலம்.
கொப்பரை மூடியைத் திறந்தால்
முகத்தில் அறையும்.
அதுதான் அவள் பார்த்த முதல் ஆவி.
வலது மணிக்கட்டில் அது விட்டுப்போன தழும்பு
வெந்த கிழங்கின் தோல் மாதிரி.

லைசாண்டர் குரோவெல் வந்தபோது பத்தொன்பது வயது.
அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார்:
எட்டு வருடச் சோப்பு
எலும்புவரை வழுக்கலாக்கிய கைகள்.
"எந்தக் கயிறும் இதில் நிற்காது."
ஆலையின் வாரக் கூலி அவரிடம் ஓர் இரவுக்கு.

பிறகு யூட்டிகா, ரோம், சிரக்யூஸ்,
கால்வாய் போன வழியெல்லாம்.
அலமாரிக்குள் நாற்காலி, நாற்காலியில் அவள்.
கூட்டத்திலிருந்து மூன்று பேர் ஏறிவந்து கட்டுவார்கள்.
கசாப்புக்காரர் இறுக்குவார்.
தேவாலய மூப்பர் அவளைத் தொடாமல் கட்டப் பார்த்து
முடிச்சே விழாது.
ஒருமுறை படகோட்டி ஒருவன்
சுருக்கைப் பாதியில் விட்டுக் காதோரம் சொன்னான்:
"கீழ்ப்பக்கமாக இழு."
ஏன் என்று அவள் கேட்கவில்லை.

விளக்கைத் தாழ்த்தினால்
இரண்டரை கஜம் மஸ்லின், கஞ்சி போடாதது,
ஓரத்தில் பாஸ்பரஸ் எண்ணெய்.
பூண்டு நாற்றம், அதன்மேல் லாவண்டர்.
பகலில் கூலி கூட்டிக் கேட்டால்
வாயை மூடு என்ற ஊர்கள்
இரவில் அவள் வாய் வழியே வந்த
செத்த நீதிபதிக்குத் தொப்பியைக் கழற்றின.
பெண்களுக்கும் ஓட்டு வேண்டுமென்றார் நீதிபதி ஒருநாள்.
கைதட்டினார்கள்.

ஆஸ்வீகோவில் பனி கொட்டிய இரவு.
மூன்றாம் வரிசையிலிருந்து கெசாயா லத்ரப் எழுந்து வந்தாள்,
யாரும் கூப்பிடாமல்.
மஸ்லினின் ஓரத்தைப் பிடித்து மோந்தாள்.
"அதே சோப்பு, ஈபன்.
நீ போருக்குப் போன அன்று சட்டைக்கு நான் போட்டது."
பிறகு, மெதுவாக:
"எங்கே புதைத்தார்கள்? சொல்.
வண்டி வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்கிறேன்."

குரோவெல் எழுதித்தந்த பதில் நாக்கு நுனியில் இருந்தது:
இங்கே எல்லாம் வெளிச்சம், அம்மா, அழாதே.
ஆர்ஃபா சொன்னாள்:
"தெரியவில்லை. எல்லோரையும் ஒன்றாகப் போட்டார்கள்.
எது யார் கை என்று எங்களுக்கே தெரியாது."
யாரோ இருமினார்கள். இருமல் நிற்கவில்லை.
கையிலிருந்த ஓரத்தைக் கெசாயா நான்காக மடித்தாள்,
காய்ந்த சட்டையை மடிப்பதுபோல்,
மடித்து ஆவியின் கையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.
அந்த வாரக் கணக்கில் குரோவெல் பாதியைப் பிடித்துக்கொண்டார்.
தெரியாது என்கிற ஆவிக்கு எவன் டிக்கெட் எடுப்பான்?

மாட்டியது பிங்காம்டனில்.
பல்வைத்தியர் ஒருவர் இருட்டில் பாய்ந்தார்.
விளக்கு வந்தபோது அவர் பிடியில்
வெதுவெதுப்பான மணிக்கட்டு, தழும்பு,
தழும்பின் கீழே குதிக்கும் நாடி.
கழன்றிருக்கலாம். எத்தனை கயிறு பார்த்த கை.
அவள் இழுக்கவில்லை.
"பிடித்துவிட்டேன்!" என்று அவர் கத்த
உயிரோடிருக்கும் ஒருத்தி அகப்பட்டதற்கு
அரங்கமே எழுந்து ஆரவாரித்தது.
பின்வாசலில் குரோவெல்லும் கல்லாப்பெட்டியும்
ஏற்கெனவே வண்டி ஏறியிருந்தார்கள்.

மறுபடி டிராய். அதே ஆலை, குறைந்த கூலி.
மூடி திறக்கும்போதெல்லாம் பெண்கள் சீண்டுவார்கள்:
"ஆர்ஃபா, இன்று யார் வந்திருக்கிறார்கள்?"
பதில் இருக்காது.
ஒரு சனிக்கிழமை, ஜலதோஷம்,
கொப்பரைமேல் குனிந்து நின்றவள்
அந்த வெள்ளையைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.
"யாரும் இல்லை" என்றாள்.
"மூடு. தண்ணீர் ஆறுது."